அறுபது தட்டும் ஒரு கொத்தமல்லிப் பாத்தியும்

முதலில் ஒரு விடுகதை. இலையைத் தின்றேன்; குச்சியைக் குப்பையில் எறிந்தேன்; பத்தாம் நாள் குப்பை மறுபடியும் எனக்கு இலை நீட்டியது. அது என்ன?

‘புதினா’ என்று சொன்னவர்கள், சமையலறைக்குப் பின்னால் எப்போதாவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். ‘ஏதோ மருந்துச் செடி’ என்று சொன்னவர்களும் வருத்தப்பட வேண்டாம். எங்கள் விடுதிப் பிள்ளைகள் அறுபது பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.

விடுதிச் சமையல் என்பது ஒரே கேள்விக்குத் தினம் மூன்று வேளை பதில் எழுதி, அறுபது பேரிடம் திருத்தக் கொடுக்கும் வேலை. பெரிய பானையில் கரண்டி போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கும் தூரத்தில், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் மாதம் ஒரு முறை லாரியில் மேலே வரும். காய்கறி வாரச் சந்தையில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் பூசணிக்காய். அடுத்த வாரமும் பூசணிக்காய். அதனால்தான் நான் தோட்டம் போட்டேன். காய்க்குக் காத்திருக்க வேண்டும். இலை சீக்கிரம் வரும். ஒரு கைப்பிடி இலை, அறுபது பேரின் குழம்பை வேறு குழம்பாக்கிவிடும்.

பேருந்தில் ஒரு விருந்தாளி

என் ஊர் மலையடிவாரத்தில், படவேட்டுப் பக்கம். ஆனி மாதம் விடுமுறை முடிந்து திரும்பும்போது, ஈரச் சாக்கில் சுற்றிய புதினாத் தண்டு ஒரு கட்டு, கறிவேப்பிலைக் கன்று ஒன்று, கொத்தமல்லி விதையும் வெந்தயமும் ஒரு துணிப்பையில் என்று மடி நிறைய எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் நிமிர்ந்தார்கள். நானும் கன்று ஒடிந்துவிடாமல் அதை அணைத்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மடி லேசாவதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தால், நடைபாதையில் நின்ற ஒரு வெள்ளாடு என் ஈரச் சாக்குக்குள் முகத்தை விட்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. புதினாவில் பாதி போயிருந்தது. நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆட்டுக்கு டிக்கெட் வாங்கிட்டாங்கம்மா. சாப்பாடு உங்களுதா?” என்றார்.

ஆடி: பச்சை மிட்டாய்

மிச்சமிருந்த புதினாவை, கைகழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஊன்றினேன். ஆடியில் அது தரையை மூடிவிட்டது. அந்த ஆடியில்தான் பாஞ்சாலையும் வந்து சேர்ந்தாள். அவள் ஊர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பாதி தூரம் ஜீப்பும் பாதி தூரம் நடையுமாகப் போகவேண்டிய ஒரு சிற்றூர். அவளுக்கு எட்டு வயது. அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் பெண் பிள்ளை அவள்தான். அவளுடைய அப்பா வெள்ளையன், வார்டனிடம் பேசிவிட்டு நேரே சமையலறைக்கு வந்தார். “புள்ள தின்னா இருக்கட்டும்மா. தின்னலன்னா இட்டுக்கினு போய்டுவேன். படிப்புக்காக ஒரு புள்ளைய எலும்பாக்கமாட்டேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதாவது, அவள் படிப்பு என் கரண்டியில் இருந்தது.

முதல் புதினாத் துவையலை அரைத்த அன்று சாப்பாட்டுக் கூடமே மணத்தது. பிள்ளைகள் தட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்கள். ஒரு விரலால் தொட்டு நக்கினார்கள். பிறகு இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள். பாஞ்சாலை மட்டும் துவையலை விரலால் தள்ளி ஓரத்தில் வைத்துவிட்டு, வெறும் சோற்றில் உப்பும் ஊறுகாயும் போட்டுப் பிசைந்தாள். முதல் நாள், வீட்டு ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புக் கோவிந்தன் எங்கள் விடுதியின் நாக்கு. அவன் சொல்வதுதான் தீர்ப்பு. அவன் தட்டை வழித்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, மிட்டாய அரைச்சு ஒறப்பு போட்டுட்டியா?”

ஆவணி: இரண்டாக உடைந்த விதை

கொத்தமல்லி விதையை முழுசாகத் தூவினால் பாதி முளைக்காது. அதைச் சாக்கில் பரப்பி, உருளையான கட்டையால் மெல்ல உருட்டி, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும்படி செய்ய வேண்டும். பொடியாகிவிட்டால் சாம்பாருக்குத்தான் ஆகும். பிளந்ததை ஒரு இரவு ஊறவைத்து, மண்ணில் கோடு கிழித்துப் போட்டு மேலே லேசாக மூட வேண்டும். எட்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் முளை. நாற்பதாம் நாள் கிள்ளலாம். இத்தனையும் செய்து ஆடி நடுவிலேயே ஆறடிக்கு நாலடிப் பாத்தி ஒன்று போட்டிருந்தேன். என்னுடன் வேலை பார்த்த குப்பக்கா, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “சாமைய அள்ளி வீசினா அது பாட்டுக்கு மொளைக்குது. உன் வெதைக்குத் தலைய ஒடைச்சாதான் புத்தி வருமா?” என்றாள்.

ஆவணி கடைசியில் முதல் கொத்தமல்லி ரசம் வைத்தேன். எங்கள் வார்டன் கீழ்நாட்டுக்காரர். பூசணிக்காயைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிவிட்ட மனிதர். ஆசையில் நான் கொஞ்சம் அதிகமாகவே கிள்ளிப் போட்டுவிட்டேன். அறுபது பிள்ளைகளில் ஐம்பத்தொன்பது பேர் குடித்தார்கள். பாஞ்சாலை ரசத்தை வாங்கவே இல்லை. வார்டன் தம் கிண்ணத்தில் இலையைக் கரண்டியால் விலக்கி விலக்கி ரசத்தைத் தேடினார். “ரசம் நல்லாத்தாம்மா இருக்கு. தோட்டத்துக்கு நடுவுல எங்க கெணறு வெட்டியிருக்கீங்கன்னு பார்க்கறேன்” என்றார்.

சீரக டப்பா

பாஞ்சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு அவளுக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டே மாதத்தில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தவள், விடுதியில் எழுதியிருந்த எதையும் விடவில்லை. சுவர், சாக்கு, மருந்துப் புட்டி, எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தாள். ஒரு நாள் சாமான் அறைக்குள் வந்து என் டப்பாக்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். அவற்றின்மேல் நான்தான் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தேன். பிறகு அவசரத்தில் இஷ்டத்துக்குச் சாமான்களை மாற்றிக் கொட்டியிருந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், தெரியும்.

அவள் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடியும் காகிதத்தைப் படித்தாள். ஏதோ பெரிய குற்றத்தைக் கண்டுவிட்டவள்போல என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா, வெளிய சீரகம்னு எழுதிகீது. உள்ள மொளகு கீது. எது நெசம்?”

புரட்டாசி: குளித்த தண்ணீர்

புரட்டாசி வரும்போது பாஞ்சாலையின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. வாய் திறந்து காரணம் சொல்லமாட்டாள். “ஒடம்புக்கு இன்னா?” என்றால், “ஒண்ணுமில்ல.” “ரசம் புளிக்குதா?” என்றால், “தெரியாது. தின்னல.” நான் ஒரு பழைய நோட்டில், எந்த நாள் என்ன சமையல், அவள் எதைத் தொட்டாள், எதைத் தொடவில்லை என்று எழுதிவைத்தேன். பத்து நாளில் ஒன்று தெளிவாயிற்று. கடையிலிருந்து வந்ததைத் தின்றாள். என் தோட்டத்திலிருந்து வந்த எதையும் தொடவில்லை. குழம்பில் வெந்தயம் இருந்தால் தின்றாள். அதே வெந்தயத்தை நான் விதைத்து, கீரையாக்கிக் கூட்டு வைத்தால் ஒதுக்கினாள்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பிள்ளைகள் குளிக்கும் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாகப் பாத்திகளுக்குப் போகிறது. சுத்தம் பார்க்கிற பிள்ளை, அருவருப்பு! உடனே வாய்க்காலை மண் போட்டு அடைத்தேன். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு வந்து ஊற்றினேன். குப்பக்காவையும் ஊற்றவைத்தேன். ஒன்பது நாள் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்தது. பத்தாம் நாள் அந்தத் தூய பாத்தியிலிருந்து கிள்ளிய கொத்தமல்லியைத் துவையல் அரைத்து, பாஞ்சாலைக்கு நானே பரிமாறினேன். அவள் அதைப் பழையபடி ஓரத்தில் தள்ளினாள். குப்பக்கா குடத்தைக் கவிழ்த்துவைத்தாள். “நாளைலேர்ந்து செடிக்கு சோப்பும் போட்டு வுடலாமா?” என்றாள்.

ஐப்பசி: முள் இலை

ஐப்பசி மழையில் மலை முழுக்கப் பனிமூட்டம். கொத்தமல்லி நின்ற இடத்திலேயே அழுகியது. அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் இருமினார்கள். விடுதி வேலியில் தூதுவளை தானாகப் படர்ந்து கிடந்தது. இலையெல்லாம் முள். ஒவ்வொன்றாக முள்ளைக் கிள்ளி, நெய்யில் வதக்கி, மிளகோடு அரைத்து ரசம் வைத்தேன். பயந்துகொண்டே பாஞ்சாலை பக்கம் பார்த்தேன். அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள்! சோற்றில் ஊற்றிப் பிசைந்து மூன்றாவது முறையும் வாங்கினாள். “எங்க வேலியிலயும் கீது” என்று சிரிக்கவும் சிரித்தாள்.

கரண்டி பிடித்தவர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதைத்தான் நானும் செய்தேன். மறுநாளும் தூதுவளை ரசம். அதற்கு மறுநாள் தூதுவளைத் துவையல். நாலாம் நாள் தூதுவளைத் தோசை. முள் குத்திக் குத்தி என் விரல்கள் கரண்டி பிடிக்கமாட்டேன் என்றன. பாஞ்சாலையின் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்ததுபோலத் தோன்றியது. ஐந்தாம் நாள் கோவிந்தன் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். “அக்கா, இருமல் போய்டுச்சு. நாங்களும் போவட்டுமா?”

கார்த்திகை: எடை

வேலியில் இருந்தது ஒரே ஒரு கொடி. பத்து நாளில் அதை மொட்டையடித்துவிட்டேன். பாஞ்சாலை மறுபடியும் உப்புக்கும் ஊறுகாய்க்கும் திரும்பினாள். கார்த்திகையில் ஒரு சந்தை நாள் வெள்ளையன் புளி விற்க வந்தவர், மகளைப் பார்க்க விடுதிக்கு நடந்து வந்தார். கொண்டுவந்த சாமைச் சோற்றை அவள் முன்னால் வைத்தார். அவள் பசியோடு தின்றதைப் பார்த்தபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. மகளை இடுப்பில் தூக்கி, எடை பார்ப்பதுபோல ஒரு முறை மேலே கீழே அசைத்து இறக்கிவிட்டார். நான் என் நோட்டைக் காட்டி, வாய்க்காலை மாற்றியதையும் தூதுவளையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “மார்கழிக் கடைசிச் சந்தைக்கு வர்றேம்மா. அதுக்குள்ள தேறலன்னா இட்டுக்கினு போய்டறேன். நீங்க நல்லாத்தான் எழுதிகினு வர்றீங்க. ஆனா புள்ள நோட்டுலயா வளரும்?” என்றார்.

மார்கழி: குப்பக்காவின் அவரைக்காய்

மார்கழியில் கொத்தமல்லிக்கு இணை எதுவும் இல்லை. பனியில் நனைந்து, வெயில் ஏறும்போது தானே மணக்கும். நான் மறு விதைப்பு போட்டிருந்த பாத்தி அப்படித்தான் மணத்தது. முதலில் ஒரு முறை கிள்ளியதோடு சரி; அதன் பிறகு எனக்குக் கை வரவில்லை. சந்தைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

ஒரு காலையில் குப்பக்கா தன் கொல்லையில் காய்த்த புது அவரைக்காயை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். கொட்டி நறுக்க உட்கார்ந்தோம். பாஞ்சாலை அந்தப் பக்கம் வந்தவள், நின்று, குப்பக்காவிடம் கேட்டாள்: “படைச்சாச்சா?” குப்பக்கா தலை நிமிராமல், “நேத்துத்தான் படைச்சோம். இல்லாட்டி கொண்ணாருவனா?” என்றாள். அன்று மத்தியானம் பாஞ்சாலை அவரைக்காய்க் கூட்டை வழித்துத் தின்றாள். தாளித்த எண்ணெய் ஒட்டியிருந்த கறிவேப்பிலையைக்கூட விடவில்லை. அது சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை. என் கன்று இன்னும் முழங்கால் உயரத்தில்தான் நின்றது.

சாப்பாடு முடிந்ததும் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். விஷயம் இதுதான். அவள் ஊரில் புதிதாக விளைந்த எதையும் முதலில் சாமிக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். அதுவரை கொல்லையில் அவரை தொங்கினாலும் யாரும் பறித்துத் தின்பதில்லை. குப்பக்கா ஊரிலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் சாமைக்கும் அவரைக்கும் மட்டும். கொத்தமல்லியும் புதினாவும் குப்பக்காவுக்குக் கடைச் சரக்கு. அது கணக்கிலேயே வரவில்லை.

“ஏண்டி, எங்கயாவது கொத்தமல்லிக்குப் படைப்பாங்களா?” என்று குப்பக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“தெரியாது. எங்க ஊர்ல கொத்தமல்லியே இல்ல.”

“பின்ன?”

“இல்லாததுக்கு படைக்கணுமா வாணாமான்னு யாரு சொல்லுவாங்க? அக்கா வெதை போட்டாங்க, தண்ணி ஊத்தினாங்க, மொளைச்சுது. யாரும் படைக்கல. அதான் தின்னல.”

ஆறு மாதம் அந்தச் சின்னத் தலை தனியாகவே உட்கார்ந்து வழக்குப் பேசி, தீர்ப்பும் எழுதி, தண்டனையையும் தானே அனுபவித்திருக்கிறது. மூட்டையில் வரும் அரிசியும் பருப்பும் அவளுக்குப் பழசு, அதனால் சரி. வேலித் தூதுவளை யாரும் நடாதது; அதனால் சரி. “என்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?” என்றேன். பாஞ்சாலை என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். “நீங்க தெனமும் ஆசையா கிள்ளினீங்க. பாவம்னு வுட்டுட்டேன்.”

புழுவின் படையல்

“இன்னைக்கே படைச்சுடலாம்” என்று நான் அரிவாள்மணையை எடுத்தேன். பாஞ்சாலை ஒப்பவில்லை. இந்தப் பாத்தியில் ஏற்கெனவே கிள்ளியாகிவிட்டது. முதல் இலை போய்விட்டது. மிச்சத்தைச் சாமிக்குக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? அதோடு, அப்பா சொல்லாமல் முடியாது. ஆகவே மார்கழிக் கடைசிச் சந்தை நாளில், வெள்ளையன் மகளை அழைத்துப்போகத் துணிப்பையோடு வந்தபோது, சமையலறை முற்றத்தில் வழக்கு கூடியது. வார்டன் நாற்காலியில், நானும் குப்பக்காவும் தரையில், பாஞ்சாலை அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெள்ளையன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நான் எதையும் சொல்லிக் குடுக்கல. பார்த்துகினே இருந்திருக்கு” என்று மகளின் தலையைத் தடவினார். எழுந்து போய்ப் பாத்தியைச் சுற்றி வந்தார். ஒரு புதினா இலையைக் கிள்ளி மோந்தார், வாயில் போடவில்லை. “இவ சொல்றது சரிதாம்மா. தானா வந்தது காடு குடுத்தது. நட்டு வளத்தது எல்லாம் இந்தக் கணக்குல சேத்திதான்” என்றார். “அப்போ நாங்க இத்தனை மாசம் தின்னது தப்பா?” என்று வார்டன் பதறினார். “உங்களுக்கு இல்லாத வழக்கத்துல தப்பு எப்படிங்க வரும்?” என்ற வெள்ளையன், துளைவிழுந்த ஒரு கொத்தமல்லி இலையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “ஆனா ஒண்ணுங்க. நீங்க யாருக்குமே படைக்கலன்னு சொல்ல முடியாது. மொதல் எல புழுவுக்குப் போயிருக்குது.”

அவர் சொன்ன முடிவு இது. மூன்று பாத்தியையும் வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முதல் இலையைப் பாஞ்சாலை படைக்க வேண்டும். கொத்தமல்லிக்கு நாற்பது நாள் என்று நான் சொன்னேன். அவர் துணிப்பையை மடித்தார். “நாப்பதாம் நாள் வர்றேன். படைச்சுட்டுத் தின்னுச்சுன்னா இருக்கட்டும். அப்பவும் தின்னலன்னா, அது உங்க சோறு ஒத்துக்கலன்னு அர்த்தம். மறுபேச்சு இல்லாம இட்டுக்கினு போய்டுவேன். இன்னா பாஞ்சால?” பாஞ்சாலை தலையாட்டினாள். “அதுவரைக்கும் ரசத்துல ஒண்ணும் போடாதீங்கக்கா” என்றாள்.

நாற்பது நாள் மொட்டை ரசம்

நாற்பது நாள் என் சமையலில் ஒரு தழை கிடையாது. ஒரு பிள்ளைக்குத் தனிப் பானை வைக்க விடுதியில் வழி இல்லை. அதனால் எல்லோருக்கும் மொட்டை ரசம், மொட்டைக் குழம்பு. கொத்தமல்லியை உடைத்து ஊறவைத்து விதைத்தவள் பாஞ்சாலைதான். பழைய புதினாவிலிருந்து குச்சி எடுக்கலாமா என்று யோசித்து, குச்சி எடுக்கலாம், இலை இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள். தினமும் காலையில் பாத்தியருகே குந்தி, புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாள். இந்தத் தடவை அது முந்திக்கொள்ளக் கூடாதல்லவா?

இதற்கிடையில் தழையின் ருசி கண்டுவிட்ட ஐம்பத்தொன்பது பேரும் வாடினார்கள். காரணம் தெரிந்த பிறகு பாஞ்சாலையை யாரும் திட்டவில்லை. அதற்கும் சேர்த்து என்னைப் பார்த்தார்கள். முப்பதாம் நாள் கோவிந்தன் தன் கிண்ணத்துக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, ரசத்துல என் மூஞ்சி தெரியுது. அதைப் பாத்துகினு எப்படிக் குடிக்கறது?”

மாசி: மூன்று கிண்ணம்

நாற்பதாம் நாள் வெள்ளையன் விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்துவிட்டார். துணிப்பை தோளில் தொங்கியது. பாஞ்சாலை குளித்து, ஈரத் தலையோடு, மூன்று பாத்தியிலும் ஒவ்வொரு கொத்துக் கிள்ளினாள். விடுதி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தி மஞ்சள் பூசியிருந்தார்கள். அதன் முன்னால் வாழை இலையில் கொத்தமல்லி, புதினா, வெந்தயக்கீரை மூன்றையும் வைத்துக் கும்பிட்டாள். எங்களையும் கும்பிடச் சொன்னாள். வார்டனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அதன் பிறகுதான் நான் அடுப்பு மூட்டினேன். கொத்தமல்லி ரசம், புதினாத் துவையல், வெந்தயக்கீரைக் கூட்டு. இருபது வருடம் அடுப்படியில் நின்றிருக்கிறேன்; அன்றுபோல் கல் கல்லாக எண்ணி உப்புப் போட்டதில்லை. மத்தியானம் அறுபது தட்டும் வரிசையாக உட்கார்ந்தும் யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் பாஞ்சாலையைத்தான் பார்த்தார்கள். வெள்ளையன் தூணோரம் நின்றார். அவள் முதலில் ரசத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். மூக்கைச் சுருக்கினாள். கிண்ணத்தைக் கீழே வைத்து, இரண்டு விரலால் ஒரு அடி தூரம் தள்ளினாள்.

வெள்ளையன் துணிப்பையைத் தோளிலிருந்து எடுத்தார். “தின்னலியே. எழுந்திரு, போலாம்” என்றார். குரலில் அவருக்கே விருப்பமில்லை.

பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாப்பா? இது மூட்டப்பூச்சி நாத்தம் அடிக்குது. எனக்குப் புடிக்கல.”

“அப்போ?”

“புடிக்கலன்னா ஒதுக்கலாமில்ல? அதுக்கு எதுக்கு வூட்டுக்குப் போவணும்?” என்றவள் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். மறுபடியும் தொட்டாள். “இது நல்லாகீது.”

முதலில் சிரித்தவர் வெள்ளையன்தான். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தள்ளிய கிண்ணத்தை எடுத்து ரசம் குடித்தார்.

ஐந்தாறு மாதம் சாமிக்காக ஒதுங்கியிருந்த கொத்தமல்லி அன்றிலிருந்து வெறும் கொத்தமல்லியாகவே ஒதுக்கப்பட்டது. பாஞ்சாலை துவையலுக்கு இன்னொரு முறை தட்டை நீட்டினாள், விடுதியிலேயே இருந்துகொண்டாள்.